கேமரா என்னும் சாட்சி

‘கண்ணால் கண்டேன்’ என்பதே ஒரு காலத்தில் வலிமையான சான்றாக விளங்கிற்று. இன்றோ, ‘கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?’ என்று கேட்கின்றனர். கண் மயங்கலாம், மனம் மறக்கலாம், நாவு புரளலாம். ஆனால் இயந்திரம் பொய் சொல்லாது என்பது மக்களின் பொதுவான நம்பிக்கை. இயந்திரம் பொய் சொல்வதில்லை என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும், அது சொல்வதை நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோமா என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்கு விடை காண, கித்தார் என்னும் கருவியின் நரம்பு நமக்கு நல்ல துணையாக அமைகிறது.

கித்தாரின் நரம்பை மீட்டிக் கைபேசியில் படம் பிடித்த காட்சிகள் பலருடைய கைகளில் உலவுகின்றன. கைபேசியைக் கருவியின் உள்ளே வைத்து, அதன் வட்டத் துளை வழியே வெளியே நோக்கி எடுத்த காட்சிகள் 2010-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவின. அவற்றில் நரம்புகள் நேராக இருப்பதில்லை. பாம்பு ஊர்வது போலவும், காற்றில் நாடா அலைவது போலவும் நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. கீழ்பென்னாத்தூரில் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் இக்காட்சியைக் காட்டி, “ஹஜ்ரத், நரம்பு உண்மையிலேயே இப்படித்தான் நெளிகிறதா? நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லையா?” என்று வினவினார். நல்ல வினா. கண் சொல்வதை ஏற்பதா, கேமரா சொல்வதை ஏற்பதா என்னும் வழக்கு அதில் அடங்கியிருக்கிறது.

உண்மையில் நடப்பது என்ன?

இரு முனைகளிலும் இறுகக் கட்டப்பட்ட ஒரு நரம்பைத் தட்டினால், அதன் நடுப்பகுதி மிகுதியாகவும் முனைப்பகுதிகள் குறைவாகவும் இருபுறமும் ஊசலாடுகின்றன. பஞ்சு கொட்டும் தொழிலாளர் தோளில் தொங்கவிட்டுக் கொண்டு வரும் பெரிய வில்லைக் கண்டவர்களுக்கு இது நன்கு தெரியும். மரக்கட்டையால் தட்டியவுடன் அவ்வில்லின் நரம்பு ‘டொய்ங்’ என ஒலித்து அதிரும். அப்போது நரம்பு மறைந்து, அதன் இடத்தில் நடுவில் பருத்தும் இரு முனைகளிலும் மெலிந்தும் ஒரு மங்கலான கதிர் போன்ற தோற்றம் எழும். நரம்பின் அசைவு நம் கண்ணின் வேகத்தை மிஞ்சி விடுவதால், அது போய் வந்த இடம் முழுவதும் ஒன்றாகக் கலந்து தெரிகிறது.

கித்தாரின் ஆறு நரம்புகளுள் தடித்தது, வழக்கமான சுருதியில் விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. மிக மெல்லியது ஏறத்தாழ 330 முறை அதிர்கிறது. இந்த அதிர்வில் நரம்பின் பெரும்பகுதி சேர்ந்தே ஒரு புறம் வளைகிறது. சேர்ந்தே மறு புறம் வளைகிறது. நுட்பமான வேறு அசைவுகளும் அதில் கலந்துள்ளன. ஆயினும், கைபேசித் திரையில் காணும் நெருக்கமான, பெரிய நெளிவுகள் எந்த ஒரு கணத்திலும் அந்நரம்பில் இருப்பதில்லை. அவ்வாறாயின் அவை எங்கிருந்து வந்தன?

வரிசை வரிசையாக ஒரு பதிவு

கைபேசியின் கேமரா ஒரு காட்சியை முழுமையாக ஒரே கணத்தில் பதிவு செய்துகொள்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான கைபேசிகளில் நடப்பது அதுவன்று. படம் பதியும் சில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் உள்ளன. முதல் வரிசை முதலில் பதிகிறது. அடுத்த வரிசை சற்றே பின்னர். அதற்கடுத்தது இன்னும் சற்றுப் பின்னர். இவ்வாறு கடைசி வரிசை பதியும்போது, முதல் வரிசை பதிந்து முடிந்து சிறிது காலம் கடந்துவிடுகிறது.

இதனை நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்கலாம். பள்ளிவாசலில் ஜமாஅத்துத் தொழுகை நடக்கிறது. அனைவரும் இமாமைப் பின்பற்றி ஒன்றாக நிற்கின்றனர். ஒன்றாக ருகூஉ செய்கின்றனர். ஒன்றாக ஸுஜூதில் வீழ்கின்றனர். வாயிலில் ஒருவர் அமர்ந்து, ஒவ்வொரு ஸஃப்பும் எந்நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வதாகக் கொள்வோம். ஒரு நேரத்தில் ஒரு ஸஃப்பை மட்டுமே அவர் நோக்குகிறார். முதல் ஸஃப்பை நோக்கும்போது மக்கள் நிலையில் நிற்கின்றனர். இரண்டாவது ஸஃப்பை நோக்குவதற்குள் ருகூஉவுக்குச் சென்றுவிடுகின்றனர். மூன்றாவதை நோக்கும்போது மீண்டும் நிமிர்ந்து நிற்கின்றனர். நான்காவதை எட்டும்போது ஸுஜூது. இக்குறிப்பை மட்டும் வைத்துப் படிப்பவர் என்ன நினைப்பார்? அந்தப் பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பு நிற்க, ஒரு ஸஃப்பு குனிய, ஒரு ஸஃப்பு வீழ்ந்து, கூட்டமே ஏறியிறங்கும் அலையாக இருந்தது என்றன்றோ நினைப்பார்!

குறித்தவர் பொய்யரல்லர். ஒவ்வொரு ஸஃப்பைப் பற்றியும் அவர் எழுதியது முற்றிலும் உண்மை. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தவை என்று படிப்பவர் கொண்டதே பிழை. கித்தார் நரம்பின் நெளிவும் இவ்வாறு பிறந்ததே. மேல்வரிசை பதியும்போது நரம்பு வலப்புறம் இருந்தது. நடுவரிசை பதியும்போது இடப்புறம் சென்றுவிட்டது. கீழ்வரிசை பதியும்போது மீண்டும் வலப்புறம் வந்துவிட்டது. வெவ்வேறு கணங்களில் எடுத்த துண்டுகளைக் கேமரா ஒரே படமாக ஒட்டித் தருகிறது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு படத்தின் எல்லா வரிசைகளையும் பதிக்க ஒரு கைபேசிக்கு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் தடித்த நரம்பு 2 முறை அதிர்ந்துவிடும். மெல்லிய நரம்பு 8 முறை அதிர்ந்துவிடும். ஆகவே படம் முழுதும் நீண்டு கிடக்கும் தடித்த நரம்பில் இரண்டு நெளிவுகளும், மெல்லிய நரம்பில் எட்டு நெளிவுகளும் தோன்றும். தாழ்ந்த ஒலி தரும் நரம்பில் அலைகள் அகன்றும், உயர்ந்த ஒலி தரும் நரம்பில் நெருங்கியும் காணப்படுவதன் காரணம் இதுவே.

அலை நகர்ந்து செல்வது போலத் தோன்றுவதற்கும் கணக்கு உண்டு. கைபேசி பெரும்பாலும் விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. நரம்பு விநாடிக்குச் சரியாக 90 முறை அதிர்ந்தால், ஒவ்வொரு படத்திலும் அலை அதே இடத்தில் அமைந்து அசையாமல் நிற்பது போல் தோன்றும். 82 முறை அதிர்ந்தால், ஒவ்வொரு படத்திலும் சற்று விலகி அமைந்து, ஊர்ந்து செல்வது போல் தோன்றும். திரைப்படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போல் தெரிவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

காண்பதற்கும் காலம் வேண்டும்

ஒரு பொருளைக் காண்பதற்குச் சிறிது காலம் தேவைப்படுகிறது. அக்காலத்திற்குள் பொருள் அசைந்துவிட்டால் காட்சி மாறுபடும். இவ்வுண்மையைக் கைபேசி பிறப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்தவர் அறிஞர் இப்னுல் ஹைதம். கி.பி. 965-ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040-ஆம் ஆண்டளவில் மறைந்தவர் அவர். ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் அவருடைய நூல் ஒளியையும் பார்வையையும் பற்றியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என அவர் நிறுவினார்.

அந்நூலில் அவர் பம்பரத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பல நிறங்கள் தீட்டிய பம்பரம் வேகமாகச் சுழலும்போது, நிறங்கள் தனித்தனியே தெரியாமல் கலந்து ஒரே நிறமாகத் தெரிகிறது. நிறத்தைப் பிரித்தறியக் கண்ணுக்குச் சிறிது காலம் வேண்டும் என்பதற்கு இது சான்று என்கிறார் அவர். பார்வை எவ்வெவ்வாறு பிழைபடும் என்பதையும் அந்நூல் விரிவாக ஆராய்கிறது. பார்வையைப் போற்றிய அவரே அதன் பிழைகளையும் கணக்கெடுத்தார் என்பது நாம் கருதத் தக்கது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேமரா என்ற சொல்லே ‘கமரா’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது எனச் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அது சரியன்று. அறை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே அப்பெயர். சிறு துளை வழியே இருண்ட இடத்தினுள் விழும் ஒளியைக் கொண்டு சூரிய கிரகணத்தின் வடிவத்தை இப்னுல் ஹைதம் ஆராய்ந்ததும், அதற்கெனத் தனியே ஒரு நூல் எழுதியதும் வரலாறு. அவருடைய பெருமைக்கு அவ்வுண்மையே போதும். இல்லாத சொற்பிறப்பு தேவையில்லை.

திருச்சியில் பிறந்தவர் எடுத்த படங்கள்

அதிரும் நரம்பைப் படம் பிடிப்பது கைபேசி தொடங்கிவைத்த வேடிக்கை என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அதனைத் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டிருந்தார். அவர்தாம் சர் சி.வி. இராமன். 1888-இல் திருச்சிராப்பள்ளியை ஒட்டிய திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907-இல் அரசு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும், அந்நகரிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் உழைத்தார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற இராமனை யாவரும் அறிவர். நரம்புகளை ஆராய்ந்த இராமனை அறிந்தவர் சிலரே.

நரம்பு பல கூறாகப் பிரிந்து அதிரும்போது, இடையே அசையாதிருப்பதாகக் கருதப்படும் புள்ளிகள் உண்மையில் சிறிதளவு அசைகின்றன என்பதைப் பற்றி அவர் 1909-இல் எழுதினார். 1911-இல், அதிர்வுக் கோடுகளின் ஒளிப்படங்களைப் பற்றிய கட்டுரையை ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். வில்லால் இழுக்கப்படும் வயலின் நரம்பின் அசைவைப் பற்றி 1918-இல் தனி நூலே எழுதினார். மனிதக் கை ஒவ்வொரு முறையும் வேறுபடும் என்பதால், இயந்திரத்தைக் கொண்டு வயலினை மீட்டிச் செய்த சோதனைகளை 1920-இல் விவரித்தார். அடுத்த ஆண்டு வீணை, தம்பூரா ஆகியவற்றின் நரம்புகளைப் பற்றி எழுதினார்.

அக்காலத்தில் நரம்பின் அசைவைப் பதிவு செய்யக் கையாண்ட முறை எளிதே. நரம்பின் ஒரு புள்ளி மட்டும் ஒளியில் தெரியுமாறு மெல்லிய பிளவு ஒன்றை அமைப்பார்கள். அதன் பின்னே ஒளிப்படத் தகட்டை ஒரே சீராக நகர்த்துவார்கள். நரம்பு ஒரு திசையில் ஆடும். தகடு குறுக்குத் திசையில் நகரும். தகட்டைக் கழுவி எடுத்தால், அதில் அழகிய அலைக்கோடு பதிந்திருக்கும். நரம்பு அலையாக நெளிந்ததால் வந்த கோடன்று அது. ஒரு புள்ளி எந்தெந்தக் கணத்தில் எங்கெங்கே இருந்தது என்பதைத் தகட்டின் நீளத்தில் எழுதிக்கொண்ட கணக்கு அது.

கைபேசியிலும் இதே செயல்தான் நடக்கிறது. காலம், நீளமாக எழுதப்படுகிறது. ஆய்வாளர் இதனை அறிந்தே செய்தனர். நாம் அறியாமல் செய்கிறோம். ஆகவே அவர்களுக்கு அலைக்கோடு அறிவைத் தந்தது; நமக்கு நெளிவு வியப்பையும் குழப்பத்தையும் தருகிறது.

முறையை அறிந்தால் இந்தக் குறையே ஒரு கருவியாகும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. பேச்சொலி பட்டால் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நடுங்குகின்றன. அந்நடுக்கத்தைப் படம் பிடித்து, அதிலிருந்து ஒலியை மீட்டெடுக்கும் முறையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். விலை உயர்ந்த அதிவேகக் கேமரா இன்றி, சாதாரணக் கேமராவைக் கொண்டே ஒலியை மீட்கவும் அவர்களால் இயன்றது. வரிசை வரிசையாகப் பதியும் இயல்பையே அதற்கு அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

ஒரு தொழிலாளியின் கூலி

இவையெல்லாம் அறிஞர்களுக்குரிய செய்திகள், நம் வீட்டுக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைக் கூறுகிறேன். வெயில் வெளிச்சம் நிறைந்த தாழ்வாரத்தில் புதிய மின்விசிறி ஒன்றை மாட்டினார்கள். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனுக்குக் கைபேசிக் காட்சி அழைப்பில் அதனை மகிழ்ச்சியோடு காட்டினார் தாயார். திரையில் விசிறியின் இறக்கைகள் கதிர் அரிவாள் போல் வளைந்து தெரிந்தன. “உம்மா, மாட்டியவர் இறக்கையை வளைத்துவிட்டார், கூலி கொடுக்காதீர்கள்” என்றார் மகன். மின்பணியாளர் எவ்வளவோ சொல்லியும் இரண்டு நாட்கள் கூலி நிறுத்தி வைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் விசிறியை நிறுத்திவிட்டு இறக்கைகளைத் தடவிப் பார்க்கச் சொன்ன பிறகே உண்மை விளங்கிற்று. கூலி தரப்பட்டது. ஆனால் அன்றாடம் உழைத்து உண்ணும் ஒருவருக்கு இரண்டு நாள் கூலியும் நற்பெயரும் சிறிய பொருள்களா?

நிமிடத்திற்கு 300 சுற்று சுழலும் விசிறி, விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஒரு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கைக் கடந்துவிடுகிறது. இறக்கையின் அடி ஒரு கணத்திலும் நுனி வேறொரு கணத்திலும் பதிவதால், நேரான இறக்கை வளைந்ததாகத் தோன்றுகிறது. அன்று ஒருவர் பொத்தானை அணைத்துப் பார்க்கச் சொல்லியிராவிடில், குற்றமற்ற ஒருவர் மீது பழி நிலைத்திருக்கும்.

இத்தகைய தோற்றங்கள் நம்மைச் சுற்றிப் பல உள்ளன. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால், சாலையோர மின்கம்பங்கள் சாய்ந்து தெரியும். கம்பம் நடுபவரைக் குறை கூற வேண்டியதில்லை. பறக்கும் ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகள் அசையாமல் நிற்பது போன்ற காட்சிகள் உண்டு, அது மாயமன்று. சிலவகை மின்விளக்குகளின் கீழ் எடுத்த காட்சிகளில் கருநிறப் பட்டைகள் ஓடும். நம் நாட்டு மின்சாரத்தில் அவ்விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதே காரணம், கைபேசி பழுதாகிவிடவில்லை. இத்தகைய காட்சிகளுக்குத் தலைப்பு ஒன்றைச் சூட்டி, ஜின் என்றும் அற்புதம் என்றும் அனுப்பிவைப்பவர்கள் தங்கள் அறியாமையைத்தான் பரப்புகின்றனர்.

அறிவிப்பாளரை அறிதல்

அப்படியானால் கேமராவை நம்பவே கூடாதா? அதுவும் தவறு. குதிரை பாய்ந்தோடும்போது நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. உண்டு என்று 1878-இல் தெளிவாகக் காட்டியவை அமெரிக்காவில் முய்பிரிட்ஜ் எடுத்த ஒளிப்படங்களே. கண் காணத் தவறியதைக் கேமரா கண்டது. ஓட்டப் பந்தயங்களில் முடிவுக்கோட்டில் வைக்கப்படும் கேமராவும் மெல்லிய பிளவு வழியே ஒரே கோட்டை மட்டும் நோக்கி, கணத்துக்குக் கணம் நடப்பதை அடுத்தடுத்துப் பதிகிறது. அப்படத்தில் வீரர்களின் கைகால்கள் நீண்டும் குறுகியும் விகாரமாகத் தெரியும். ஆயினும் யார் முந்தினார் என்பதற்கு அதையே நடுவர்கள் ஆதாரமாகக் கொள்கின்றனர். அப்படம் எவ்வாறு பதிகிறது என்பதை அவர்கள் அறிந்திருப்பதே காரணம்.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இது புதிதன்று. ஓர் அறிவிப்பாளரை ஏற்பதற்கு அவருடைய நேர்மை மட்டும் போதாது. கேட்டதைப் பிசகாமல் நிலைநிறுத்தும் ஆற்றலும் அவருக்கு உண்டா என்று நம் முன்னோர் ஆராய்ந்தனர். உண்மையே பேசும் நல்லவரும் முன்னதைப் பின்னதாக்கிச் சொல்லிவிடக் கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கேமரா நேர்மையான அறிவிப்பாளர். ஆனால் பலவேறு கணங்களை ஒரே கணம் போல் சேர்த்துச் சொல்லும் இயல்பு அதற்கு உண்டு. அதை அறிந்தவருக்கு அது நல்ல சாட்சி. அறியாதவரை அது வழிதவறச் செய்யும்.

பெற்றோர்கள் இதனைத் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து காட்டலாம். வெறும் எவர்சில்வர் டப்பா ஒன்றின் வாயில் ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டுங்கள். நல்ல வெயிலில் வைத்து, அதனை மீட்டியவாறே கைபேசியில் படம் எடுங்கள். வெயில் இன்றியமையாதது, ஒளி குறைந்த இடத்தில் ஒவ்வொரு வரிசையும் பதிய அதிக நேரம் ஆவதால், நெளிவு தெரியாமல் வெறும் மங்கலே மிஞ்சும். பின்னர்க் கைபேசியை மட்டும் கால்வட்டம் திருப்பி மீண்டும் எடுங்கள். ஒரு நிலையில் ரப்பரில் தெரிந்த அலை, மறு நிலையில் மறைந்துவிடும். ரப்பரும் அதேதான், மீட்டிய கையும் அதேதான். பதியும் வரிசைகளின் திசை மட்டுமே மாறியது. உண்மையாகவே ரப்பரில் இருந்த அலையாயின், கைபேசியைத் திருப்பியதால் அது மறைந்திருக்காது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

அடுத்த முறை ஒருவரைக் குற்றவாளியாக்கும் காட்சியோ, வியப்பில் ஆழ்த்தும் காட்சியோ கைபேசியில் வந்து சேரும்போது, அதைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். அப்பொருள் வேகமாக அசைந்துகொண்டிருந்ததா? கேமராவும் அசைந்ததா? வேறு வழியில் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள இயலுமா? விசிறியை நிறுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாமல் ஒருவருடைய கூலியையோ மானத்தையோ பறிப்பதற்கு, கேமராவைக் காரணமாகக் காட்டுவது முறையாகாது.